அகில் போடாத வாசம்

“எனக்கு ஒரு குப்பி வேணும் சார்.”

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே காதில் போட்டு வைத்திருந்தார்கள். லீவு கேட்கலாம், முன்பணம் கேட்கலாம், கலவை அறைக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று வருஷம் பூராவும் முனகலாம். குப்பி மட்டும் கேட்கக் கூடாது. சொல்லி வைத்தது வாசல் சோதனையில் நிற்கும் மூக்கக்கா.

“இந்தா டிகிரி, இங்க நீ எதை வேணாலும் கேளு. கிடைக்காது, ஆனா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. குப்பி கேட்டேன்னு வை, அன்னிக்கே உன் மேல ஒரு கண்ணு விழுந்துரும். விழுந்த கண்ணை என்னால எடுக்க முடியாது.”

அந்தக் கட்டடத்தில் கல்லூரி வரைக்கும் போய் வேதியியல் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் டிகிரி. பரீட்சை முடிந்து, முடிவும் வந்து, மேடையேறிக் காகிதத்தை வாங்குவது மட்டும் பாக்கி. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது என்பதைக் கூப்பிடுகிற குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலாளி நிமிரவில்லை. நீளமான காகிதக் கீற்றின் நுனியை எண்ணெயில் தோய்த்து மூக்கருகே ஆட்டிக்கொண்டிருந்தார். நிதானமான மனிதர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்படுகிற வேலையையும் சம்பளம் கொடுத்து வேறு ஆட்களிடம் விட்டிருந்தார்.

“எந்தக் குப்பி?”

“புதுசு.”

இப்போது நிமிர்ந்தார்.

புதுசு என்றால் இன்னும் முன்கடைக்கே போகாதது. அடுத்த வாரம்தான் வெளிவரப் போகிறது. அந்தக் கடையில் எல்லாமே அரபு முறை. சாராயம் கலந்து பீய்ச்சுகிற சரக்கு கிடையாது. எண்ணெய்தான். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு, துணிக்குத் தனியாக அகில் புகை. “மத்தவங்க வாசனையை அடிச்சுக்குவாங்க. அரபுக்காரங்க உடுத்துவாங்க,” என்று முதலாளி முன்கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு அந்தக் கண்மூடலிலேயே பாதி விற்றுவிடும்.

புதுசு அந்த வரிசையிலேயே கொஞ்சம் வேறு. மேலே ஏலமும் குங்குமப்பூவும். அவை அடங்கியதும் வெதுவெதுப்பாக ஒரு இனிப்பு. வனிலாவும் நிறம் மாறின சர்க்கரையும். அடியில் சாம்பிராணி. அதற்கும் அடியில் அகில். முகர்ந்தால் முதலில் நாக்கில்தான் எச்சில் ஊறும், அப்புறம்தான் மூக்குக்குச் சேதி போகும். முதலாளி அதற்கு ‘இளவரசியின் மூச்சு’ என்று பெயர் வைத்திருந்தார். பாலைவனத்துக் கூடாரம், பட்டுத் திரை, தூங்குகிற இளவரசி என்று அட்டைப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டில் ஒரு கதையும் எழுதியாகிவிட்டது.

கதை அவருடையது. இனிப்பு அவளுடையது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள். ஏழெட்டு மாதம் முதலாளி அந்த இனிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை வாசத்துக்கென்று ஆய்வுக்கூடங்களில் செய்கிற வெள்ளைத் தூளைக் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குழந்தைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்தாகவே வந்து நின்றது. “சுத்தமா இருக்கு சார். அதான் கோளாறு,” என்றாள் அவள். “சர்க்கரை காயும்போது இவ்வளவு சுத்தமா இருக்காது.” சரி, நீயே பாரு என்று விட்டுவிட்டார். வெந்தயத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசிமுனை அளவு சேர்த்தாள். மரப்புகை கொஞ்சம். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் சீரக எண்ணெயை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. சீரகம் தனியாக இருந்தால் சமையலறை. இனிப்போடு சேர்ந்தால் மனுஷ உடம்பு.

முகர்ந்து பார்த்த முதலாளி கீற்றை மறுபடி தோய்த்து முகர்ந்தார். பிறகு, “இதுக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்கம்மா,” என்றார். பெயர் அங்கேதான் பிறந்தது.

அப்படியிருக்க, ஒரு குப்பி கேட்டால் என்ன?

“சும்மா வேண்டாம் சார். முன்கடை விலைக்கே வாங்கிக்கிறேன். சம்பளத்துல பிடிச்சுக்குங்க.”

“விலைக்காகச் சொல்லலம்மா.” காகிதக் கீற்றை மேஜையில் படுக்க வைத்தார். “யாருக்கு?”

“எங்கம்மாவுக்கு.”

“என்ன பண்றாங்க அம்மா?”

“வேலைக்குப் போறாங்க.”

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுபோல் தலையாட்டினார்.

“நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவ. துணின்னா யார் வேணா வாங்கலாம், யார் வேணா போட்டுக்கலாம். இது அப்படி இல்ல. யார் மேல வீசுதோ அவங்கதான் இதோட விலை. ஒரு பெரிய வீட்டு அம்மா இதை வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல ஏறுறாங்க. அதே வாசம் பக்கத்துல துடைப்பத்தோட நிக்கிற பொம்பளை மேலயும் வந்தா? அவங்க அடுத்த குப்பி வாங்க மாட்டாங்க. என் அப்பா காலத்துலருந்து இதுதான். வேலை செய்யறவங்களுக்கு விக்கறதில்ல. உன்னைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்.”

“என்னைச் சொல்லலேன்னா எனக்குக் குடுங்க.”

முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு. “மூக்கு நல்லா இருக்கு உனக்கு. வாய்தான் கொஞ்சம் நீளம்,” என்று சொல்லி, குப்பியைத் திருகி மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டு முன்கடைக்குப் போனார்.

அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று காதிரண்டும் கொதித்தன. கோபத்தைக் காட்ட ஆள் இல்லாததால் அளவுக் குடுவைகளை எல்லாம் எடுத்துக் கழுவினாள். கழுவினவற்றையே மறுபடி கழுவினாள்.

*

அவள் அம்மாவுக்கு மிட்டாய்ப் பட்டறையில் வேலை. மிட்டாய் சுற்றுகிற இடத்தில் இல்லை, கொப்பரைப் பக்கம். மரத்தூள் அடுப்பு, அதன்மேல் ஆள் உட்காரலாம் போன்ற கொப்பரை, அதில் சர்க்கரைப் பாகு. நிறம் மாறுகிற நேரத்துக்கு இறக்கவேண்டும், கொஞ்சம் அசந்தால் கசந்துவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஆவிக்கு முன்னால் நிற்கிறவளின் தலைமுடி, தோல், நகக்கண், பேச்சு எல்லாவற்றிலும் பாகு ஏறியிருக்கும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பக்கம் திரும்பாமல் நேராகப் பின்புறக் குழாயடிக்குப் போவாள். எலுமிச்சைத் தோலை முழங்கை வரை தேய்ப்பாள். சோப்பைக் கரைய விடுவாள். அதற்கப்புறம்தான் வீட்டு மனுஷி. இது எப்போது ஆரம்பித்தது என்று மகளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட ஒரு நாள், அம்மா பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். டீச்சர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான். அம்மா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

கல்லூரியில் மகளுக்கே அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. பாகு. “பாகு வந்தாச்சு, எறும்புப் பொடி எடுங்கடி.” அவள் திருப்பிக் கொடுத்ததில் ஒருத்தி விடுதியையே மாற்றிக்கொண்டு போனது தனிக்கதை. ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு பழக்கம் வந்தது. தன் துணிமணியை அம்மாவின் துணியோடு வைக்கமாட்டாள். பாலித்தீன் உறையில் போட்டுத் தனிப் பெட்டியில் வைப்பாள். அம்மா அதைப் பார்த்தாள். மறுவாரம் பட்டறையிலிருந்து நல்ல உறையாகப் பார்த்து நாலைந்து கொண்டு வந்து கொடுத்தாள்.

பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்ததும் மகள் கடித உறையைப் பிரித்து அம்மா முன்னால் வைத்தாள்.

“ரெண்டு பேர் வரலாம்னு போட்டிருக்கான். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ.”

“நல்லா இருக்கே. நீ போயிட்டு வா.”

“நீ வர்ற.”

“ஏன்டி, ஊர்ப்பட்ட பெரிய மனுஷங்க வந்து உக்காந்திருப்பாங்க. நடுவுல நான் போய் உக்காந்தா கொப்பரையத் தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருக்காது?”

“கடைசி வரிசையில உக்காரு.”

“மின்விசிறி கடைசியிலதான் இருக்கும். காத்து முன்னாடிதான் அடிக்கும்.”

“குளிச்சிட்டு வரவே மாட்டியா நீ?”

“ஏழு தண்ணி குளிச்சாலும் வேர்த்தா திரும்ப வந்துரும்டி. உனக்குத் தெரியாதா? மேடையில பேரைக் கூப்பிடுறப்ப எனக்கு எப்படியும் வேர்க்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் அம்மாவின் வழி. ஒரு தமாஷைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். வெளியே நிற்கிறவர்கள் சிரித்துக்கொண்டே நிற்கவேண்டியதுதான்.

மகளுக்கு அன்று தோன்றியதுதான் குப்பி யோசனை. இளவரசியின் மூச்சு காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்தால் மறுநாள் வரை நிற்கும். வேர்த்தால் இன்னும் தூக்கும். அதை வைத்துக்கொண்டு அம்மா இரண்டாவது வரிசையில் உட்காரட்டும். பக்கத்தில் இருக்கிற பட்டுப்புடவை மூக்கை இந்தப் பக்கம் திருப்பட்டும். அம்மாவைக் கூட்டிப்போக வேறு வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வழியைத்தான் முதலாளி சிரித்துக்கொண்டே திருகி மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

*

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தது. ஆனால் விரிந்தால் மடங்காது, மடங்கினால் விரியாது. வாசலில் நின்று அதோடு போராடிக்கொண்டிருந்த மகளின் தலையில் அம்மா தன் துண்டை எடுத்துப் போட்டாள்.

“கட்டிக்கிட்டு ஓடு. தலையில ஈரம் நின்னா உனக்கு உடனே மூக்கு அடைச்சுக்கும். மூக்கு அடைச்சா சம்பளம் அடைச்சுக்கும்.”

“உனக்கு?”

“பட்டறையில துண்டா இல்ல? போ.”

மகள் யோசிக்க நேரமில்லாமல் ஓடினாள். கடையின் பின்வாசலுக்குள் நுழைந்ததும் துண்டை உதறித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு கலவை அறைக்குப் போய்விட்டாள். மறந்தும் விட்டாள்.

அந்தக் கடையில் சாயங்காலம் வெளியே போவது என்பது ஒரு சடங்கு மாதிரி. மேலங்கியைக் கழற்றி உள்ளேயே மாட்டவேண்டும். வாசமில்லாத சோப்பால் கை, முகம், கழுத்து கழுவவேண்டும். சொந்த உடுப்புக்கு மாறி வரிசையில் வந்தால், வாசலில் மூக்கக்கா. அவள் வேலையே முகர்வதுதான். கழுத்தோரம் ஒரு இழுப்பு, முடியில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று. கடைக்கு வராத சரக்கின் வாசம் யார் உடம்பிலும் ஏறித் தெருவுக்குப் போய்விடக் கூடாது. முகர்ந்துகொண்டே வம்பும் பேசுவாள்.

“நீ மத்தியானம் வெங்காயம் தின்ன. போ. நீ நேத்து தலைக்கு ஊத்தல. போ. உன் வீட்டுக்காரன் பீடியை விட்டுட்டானா? அதிசயம்தான், போ.”

டிகிரியின் முறை வந்தது. மழை விட்டிருந்தாலும் காற்று ஈரமாக இருந்ததால் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

மூக்கக்கா குனிந்தாள். ஒரு இழுப்பு. நிமிரவில்லை. இன்னொரு இழுப்பு. வம்பு நின்றது. துண்டின் முனையைப் பிடித்து மூக்கில் வைத்து மூன்றாவது தடவை நிதானமாக இழுத்தாள்.

“அடிப்பாவி,” என்றாள் மெதுவாக. “கேட்டுக் குடுக்கலேன்னா இப்படியா?”

“எப்படி?”

“என்கிட்டயே எப்படியாம். இது புதுசு. துண்டுல ஊத்தி எடுத்துட்டுப் போறியா? வீட்டுல போய்ப் பிழிஞ்சுக்கலாம்னு பாத்தியா?”

“அக்கா, மரியாதையாப் பேசுங்க. அது எங்கம்மா துண்டு.”

“யார் துண்டா இருந்தா என்ன? அதுல இருக்கறது நம்ம சரக்கு. பத்து வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். பொய் சொன்னாக் கண்ணு ஏமாறும், காது ஏமாறும். இது ஏமாறாது.” தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

பின்னால் நின்ற வரிசையில் ஒருத்திகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் விழுந்துவிட்டது, அக்கா சொன்ன மாதிரியே.

முதலாளியின் அறையில் மேஜைமேல் துண்டை விரித்தார்கள். மங்கலான வெள்ளை. ஓரத்தில் ஒரு காலத்தில் நீலக்கரை இருந்திருக்கவேண்டும். முதலாளி முன்னால் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். இது முன்கடைக் கண்மூடல் இல்லை, நிஜமானது. முகர்ந்தார். ஜன்னல் பக்கம் போய் வெறும் காற்றை இழுத்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்தார்.

“நம்மளதுதான்,” என்றார். “ஆனா அகில் இல்ல. ஏலமும் இல்ல. நடு இனிப்பு மட்டும், அந்தப் புகையோட. அகில் போடறதுக்கு முந்தின நிலை.” நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப இது குப்பியில எடுத்தது இல்ல. கலவை அறையிலயே எடுத்தது. கலவை அறைக்குள்ள போறது நானும் நீயும்தான்.”

குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டலாம்.

“சார், எங்கம்மா மிட்டாய்ப் பட்டறையில பாகு காய்ச்சறாங்க. காலையில மழைன்னு துண்டைக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.”

“நீ ஏன் அவங்களுக்குக் குடுத்தேன்னு நான் கேக்கல. எப்ப எடுத்தேன்னு மட்டும் சொல்லு.”

“நான் குடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. எங்கம்மாவுக்கு அப்படித்தான் வேர்க்கும்!”



மூக்கக்கா முன்னால் வந்தாள். வேலை மேல் உள்ள விசுவாசமோ, தன் மூக்கின் மேல் வந்த சந்தேகமோ, துண்டை மறுபடி கையில் எடுத்தாள். மழை படாமல் முடிச்சுக்குள் இருந்த ஒரு மூலை மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினாள். மொறுக் என்று உடைந்தது. உடைந்த பொடியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பழுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. முதலாளி என்ன என்று கேட்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள்.

“முதலாளி.”

“என்ன?”

“இனிக்குது.”

“என்ன இனிக்குது?”

“துண்டு. நம்ம எண்ணெய் நாக்குல பட்டா அன்னிக்குப் பூரா சோறு இறங்காது, அப்படிக் கசக்கும். இது சர்க்கரை.” இன்னொரு பொடியையும் வைத்துச் சப்பினாள். “நல்ல பாகு.”

அவமானம், சிரிப்பு, கோபம் மூன்றும் டிகிரிக்குச் சேர்ந்தே வந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று மெதுவாக வந்தது. மேஜைக்குப் போய்த் துண்டை வாங்கி முகத்தில் வைத்தாள். தினமும் சுவாசிக்கிற வாசத்தை மூக்கு கண்டுகொள்வதில்லை. தொழிலில் முதல் பாடமே அது. அதனால்தான் ஜன்னல் பக்கம் போய்ப் போய் வருகிறார்கள். அவள் இத்தனை வருஷமும் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. வீட்டில் இருந்தது நாற்றம் என்று அம்மா சொன்னாள், இவளும் நாற்றம் என்றே வைத்துக்கொண்டாள். முகர்ந்து பார்க்கத் தோன்றியதே இல்லை. கலவை அறையில், வெந்தயமும் புகையும் சீரகமும் அளந்து அளந்து போட்டபோது, தான் படித்த படிப்புதான் கையைப் பிடித்து நடத்துகிறது என்று நினைத்திருந்தாள்.

அம்மாவின் வாசத்தை மறைக்க அம்மாவின் வாசத்தையே விலைகொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறாள். அதற்குச் சம்பளத்தில் வேறு பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நினைக்க நினைக்கத் தன்னையே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

“பட்டறைப் பாகு,” என்று முதலாளி தனக்குள் சொல்லிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் அந்த முகத்தில் வேறொன்று வந்தது. அவள் அதை முன்பும் பார்த்திருக்கிறாள். நல்ல சரக்கு தட்டுப்படும்போது வருவது.

“சரி, மூக்கு தப்பு பண்ணலை. முடிவுதான் தப்பு,” என்றார், மூக்கக்காவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. டிகிரியை யாரும் சமாதானப்படுத்தவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து அகலமான கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து வந்தார். துண்டை அவள் கையிலிருந்து பக்குவமாக வாங்கி, மடித்து ஜாடிக்குள் இறக்கி, தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியைத் திருகி அழுத்தினார்.

“இது இங்கயே இருக்கட்டும். இனிமே ஒவ்வொரு கலவையும் இதோட ஒப்பிட்டுத்தான் வெளிய போகணும். அசல் கையில இருக்கறப்ப நகலை வெச்சுக்கிட்டு ஏன் அல்லாடணும்?” மறுபடி அலமாரிக்குள் கையை விட்டார். தங்கமூடி போட்ட குப்பி ஒன்று வெளியே வந்தது. அவள் முன்னால் மேஜையில் வைத்தார். “நீ கேட்டியே. எடுத்துக்க. காசு வேணாம்.”

மூக்கக்காவின் வாய் திறந்தபடி நின்றது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற கைக்குக் குப்பி வருவதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“உனக்குத் தனி மேஜை போடச் சொல்றேன். உதவிக்கு ஆளும் தர்றேன். ஆனா ரெண்டு விஷயம். பட்டறைக் கதை இந்த அறையைத் தாண்டக் கூடாது, காதும் காதும் வெச்ச மாதிரி. அப்புறம் இந்தக் குப்பி. அம்மா வீட்டுக்குள்ள வெச்சுக்கட்டும், தாராளமா. வெளிய வேணாம்.”

“நாளைக்கு எனக்குப் பட்டமளிப்பு சார். அதுக்குத்தான் கேட்டேன்.”

“தெரியும்மா, லீவு எழுதி வெச்சிருக்க.” உண்மையாகவே வருத்தப்படுகிற குரல். “அங்க முன்வரிசையில உக்கார்றவங்கள்ல பாதிப் பேர் நம்ம வாடிக்கை. அடுத்த வாரம் இதை வாங்கப் போறவங்க. அதுக்குள்ள அவங்க இந்த வாசத்தை...” முடிக்க நல்ல வார்த்தையாகத் தேடினார். “வேற இடத்துல பாத்துரக் கூடாது.”

“வேற இடம்னா எங்கம்மா.”

“உன்னைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.”

குப்பி அழகாகத்தான் இருந்தது. விளக்கு வெளிச்சம் எண்ணெயில் பட்டுத் தேன் நிறத்தில் ஒரு பொட்டு மேஜைமேல் விழுந்திருந்தது. டிகிரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதுச் சூடு இறங்குவது தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் ஏறும்.

ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. ஒரு கையால் அணைத்துப் பிடித்து மறு கையால் திருகினாள். கண்ணாடியோடு கண்ணாடி உரசிக் கிறீச்சிட்டுத் திறந்தது. துண்டை எடுத்து உதறினாள். அறை முழுக்க வெதுவெதுப்பாக ஒரு இனிப்பு எழுந்து நின்றது.

“என்னம்மா பண்ற?”

“எங்கம்மா துண்டு சார். நாளைக்கு வேலைக்குக் கட்டிக்க வேணாம், நாளைக்கு அவங்களுக்கும் லீவு. ஆனா துண்டு அவங்களுது.”

“வேற துண்டு நான் வாங்கித் தர்றேன்.”

“வேற துண்டு உங்களுக்குத்தான் ஆகாது.”

பையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்துக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். “நாளன்னிக்கும் வர மாட்டேன். அதுக்கப்புறமும்தான். இந்த மாசச் சம்பளத்தை அக்காகிட்ட குடுத்து விடுங்க.”

“அவசரப்படாத. உன் மூக்குக்கு வெளிய இப்படி ஒரு இடம் கிடைக்காது.”

“தேடிப் பாக்கறேன். மூக்கு என்கிட்டதானே இருக்கு.”

கதவுக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்பினாள். மூக்கக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஏய் டிகிரி, பின்வாசல் இந்தப் பக்கம்.”

“தெரியும்க்கா.”

மூக்கக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டியது அவள் வேலை. நாக்கில் இன்னும் இனிப்பு இருந்திருக்கவேண்டும். உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டாள். “அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு,” என்றாள். குரலில் இந்த முறை எந்தப் பாதி என்று தேட வேண்டியிருக்கவில்லை.

முன்கடையில் கம்பளம், மஞ்சள் விளக்கு, கண்ணாடி அலமாரிகள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வழியாக அவள் நடந்ததில்லை. மணிக்கட்டை நீட்டி எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், அவள் கடந்து போனதும் பேச்சை நிறுத்தித் தலையைத் திருப்பினாள்.

“இப்ப ஒண்ணு வந்துச்சே, அது எது? அதை எடுங்க.”

விற்பனைக்காரர் அலமாரியைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார். டிகிரி நிற்கவில்லை.

தெருவில் மழை விட்டு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. துண்டைத் தலையில் போட்டு, பட்டறையில் கட்டுகிற மாதிரியே பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். அம்மா என்ன சொல்லிக் கதவைச் சாத்தப் பார்ப்பாள் என்று தெரியும். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு வெளியே நிற்கப் போவதில்லை. நாளைக்கு இரண்டாவது வரிசை, நடுவில். வேர்த்தால் வேர்க்கட்டும். பட்டறை விடுகிற நேரம். எலுமிச்சைத் தோலும் சோப்பும் குழாயடி மேடையில் இருக்கும். அம்மா அவற்றைக் கையில் எடுப்பதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்.